மானுடவியல் நூலகத்தின் கடைசிப் பருவம்

ஜூலை 3, திங்கள்

புதிய துறைத்தலைவர் இன்று பொறுப்பேற்றார். பேராசிரியர் சுலோசனா. டில்லியில் முப்பது வருடங்களுக்கு மேல் இருந்துவிட்டு இங்கே வந்திருக்கிறார். துறையில் எல்லோரும் வராந்தாவில் வரிசையாக நின்றோம். ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தவர், கடைசியில் நின்ற என் முன்னால் வந்ததும் கொஞ்சம் தயங்கினார்.

“எப்படி இருக்கீங்க?” என்றார்.

“நல்லா இருக்கேன் மேடம்” என்றேன்.

முறைப்படி அதுதான் சரி. அவர் தலைவர். நான் துறை நூலகர், அதுவும் நவம்பர் கடைசியில் ஓய்வு பெறப்போகிறவள். நாங்கள் இருவரும் இதே துறையில் ஒன்றாக எம்.ஏ. படித்தவர்கள் என்பதோ, இதே நூலகத்தில் ஜன்னலோர மேஜையில் இரண்டு வருடம் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் என்பதோ இப்போது யாருக்கும் தெரியவேண்டிய விஷயமில்லை.

முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறார். முன்பு இடுப்புக்குக் கீழே தொங்கும். விடுதியில் நான்தான் பின்னிவிடுவேன்.

மழை வருவது போல இருந்தது, வரவில்லை. துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

ஜூலை 7, வெள்ளி

முதலாண்டு மாணவர்களுக்கு நூலக அறிமுகம். வருடாவருடம் செய்வதுதான். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது, பழைய ஆய்வேடுகளை எப்படிக் கேட்பது, பேட்டிகளைப் பதிவு செய்யும் கருவிக்கு யாரிடம் சொல்லவேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் பின்னறையில் இருக்கும் களப் பீரோவைத் திறந்து காட்டினேன். அதைப் பார்த்ததும் எல்லா வருடமும் சிரிப்பார்கள். இந்த வருடமும் சிரித்தார்கள்.

மழைக்கோட்டு, டார்ச், ஃபிளாஸ்க், கொசுவலை, கேன்வாஸ் ஷூ, சுருட்டி வைக்கிற பாய், மருந்துப் பெட்டி. களப்பணிக்குப் போகிற எந்த மாணவரும் புத்தகம் போலவே எடுத்துப்போகலாம். எங்கள் பேராசிரியர் அருளானந்தம் இருந்தபோது ஆரம்பித்தது. வசதியுள்ள பிள்ளைகள் வாங்கிக்கொள்வார்கள். மற்ற பிள்ளைகள் கேட்கக் கூச்சப்பட்டு நனைந்துகொண்டே திரிவார்கள், கூச்சமில்லாமல் எடுக்கிற மாதிரி நூலகத்தில் வைத்துவிடு என்று என்னிடம் சொன்னார். அவர் போய்ப் பதினாறு வருடமாகிறது. பீரோ இருக்கிறது.

எனக்கு உதவியாக வந்திருந்த இரண்டாமாண்டு மாணவி சபீனா மழைக்கோட்டைப் போட்டுப் பார்த்தாள். கை நீளமாகத் தொங்கியது. பழனிப் பெண். அவளுடைய தந்தை அங்கே தையல்கடை வைத்திருக்கிறார்.

“எங்க அத்தாகிட்ட குடுத்தா பத்து நிமிஷத்துல பிடிச்சுக் குடுத்துருவாரு மேடம். ஆனா லைப்ரரி சொத்தாச்சே” என்றாள்.

சுலோசனா மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நான் திரும்பியபோது போய்க்கொண்டிருந்தார்.

ஜூலை 19, புதன்

மேடம் அறைக்கு அழைத்தார். துறை நூலகங்கள் எல்லாவற்றையும் மத்திய நூலகத்தோடு சேர்த்துவிடப் பல்கலைக்கழகம் முடிவு செய்திருக்கிறது. டிசம்பருக்குள் நம்முடைய புத்தகங்களும் போகவேண்டும். கூடம் கணினி ஆய்வகமாகும். துறையின் சம்மதத்தை எழுதி அனுப்பவேண்டுமாம். கோப்பு மேஜைமேல் திறந்திருந்தது. பேனா அவர் கையில் இருந்தது.

“உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம்” என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. நான் போன பிறகு நடக்கப்போவது. மத்திய நூலகத்தில் ஏ.சி. இருக்கிறது, புத்தகங்களுக்கு நல்லது.

வீட்டுக்கு வந்து வெந்தயக் குழம்பு வைத்தேன். உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். கொட்டும்படி ஆனது.

ஜூலை 23, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து தம்பி குமரேசன் பேசினான். மாடியில் எனக்கு ஓர் அறை ஒழித்துவிட்டானாம். டிசம்பர் முதல் ஞாயிறு வேன் எடுத்துக்கொண்டு வந்துவிடுவானாம். மருமகள் வேலைக்குப் போகவேண்டும், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, “நீ வந்துட்டா எங்களுக்கும் நிம்மதி, உனக்கும் துணையாச்சுக்கா” என்றான். சரி என்றேன்.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வெள்ளி மாலைக் கூட்டங்களை இந்தப் பருவத்திலும் தொடங்கிவிட்டேன். எப்படியும் மூடப்போகிறார்கள், எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். களத்திலிருந்து திரும்பிய ஒருவர் பேசுவார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். கேன்டீனிலிருந்து வெங்காய பஜ்ஜி வரும். இவ்வளவுதான் நிகழ்ச்சி. முப்பது வருடங்களாக இப்படித்தான்.

இன்று ராமேஸ்வரம் பக்கம் போய் வந்த ஒரு பையன் பேசினான். பாசி எடுக்கிற பெண்களோடு கடலில் இறங்கியிருக்கிறான். அவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தே பாதி நாள் போய்விட்டது என்றான். வந்தவர்கள் குறைவு. பஜ்ஜி மிஞ்சிவிட்டது.

ஆகஸ்ட் 25, வெள்ளி

இன்று பழைய ஸ்லைடுகளைக் காட்டினோம். புரொஜெக்டரை ஓட்ட ஆளில்லாததால் நானே ஓட்டினேன். பேராசிரியர் அருளானந்தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போன களப்பயணங்கள். துறைத்தலைவர் என்ற முறையில் மேடமும் வந்து பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

கல்வராயன் மலை வந்தது. மேல்வாழைக்குழி என்கிற ஊர். ஒரு வரப்பில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி தலையில் புல்லுக்கட்டு, எடை தாங்காமல் கழுத்து கோணியிருக்கிறது. இன்னொருத்தி அவளைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். அப்படி நான் சிரித்திருக்கிறேன் என்பதே மறந்துபோயிருந்தது.

யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. “இவங்க யாரு மேடம்?” என்று சபீனா இருட்டில் கேட்டாள். நான் அடுத்த ஸ்லைடுக்குப் போகப் பார்த்தேன். பொத்தான் மாட்டிக்கொண்டது. படம் அப்படியே நின்றது.

“எங்க செட்டு” என்றார் மேடம் பின்னாலிருந்து. “நல்லாத்தான் இருந்தாங்க ரெண்டு பேரும்.”

விளக்கைப் போட்டபோது நாற்காலி காலியாக இருந்தது.

செப்டம்பர் 10, ஞாயிறு

வீட்டில் ஒட்டடை அடித்தேன். பரணில் இருந்ததையெல்லாம் இறக்கித் தேவையில்லாததைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டேன். கோயம்புத்தூர் அறை சிறியது.

வேலை செய்யும்போது ஏதேதோ ஞாபகம். எழுதி வைக்கிறேன், வேறொன்றும் இல்லை.

சேர்ந்த அன்றே எங்களைச் சேர்த்துச் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் லோகநாயகி, லோகு. அவள் சுலோசனா, சுலோ. லோகு எங்கே என்றால் சுலோவைக் காட்டுவார்கள். மேல்வாழைக்குழியில் ஒரு மாதம் ஒரே பாயில் படுத்தோம். அட்டைக் கடிக்கு மூக்குப்பொடி தடவிக்கொண்டு, மலையில் எந்த வீட்டில் காபி நன்றாக இருக்கும் என்று ஆராய்ச்சி செய்தோம். சாமைக் களியை இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அருளானந்தம் சார் இரண்டு பேரையும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அந்த ஏப்ரலில் அப்பா தவறிவிட்டார். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். அம்மா முன்பே இல்லை. தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம். சார்தான் நூலகத்தில் வேலை வாங்கிக் கொடுத்தார். இப்போதைக்கு இதில் இரு, ஆய்வை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சுலோவுக்கு டில்லியில் இடம் கிடைத்தது.

ரயிலடிக்குப் போயிருந்தேன். அவள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். கூஜாவில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பிவிட்டது. முதலில் நிறையக் கடிதம் எழுதினாள், நானும் எழுதினேன். பிறகு குறைந்தது. பிறகு பொங்கல் வாழ்த்து. பிறகு அதுவும் இல்லை. யார் மேலும் தவறில்லை. எல்லோருக்கும் நடப்பதுதான்.

முதுகு வலிக்கிறது. பரண் வேலை இனி வேண்டாம்.

செப்டம்பர் 22, வெள்ளி

சபீனா களத்துக்கு மேல்வாழைக்குழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். அங்கே வாரச்சந்தையில் பெண்கள் பண்டத்தை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பது தலைப்பு. ஏன் அந்த ஊர் என்றேன். “ஸ்லைடுல பாத்ததுதான் மேடம். ஒருத்தங்க அவ்ளோ சிரிக்கிற ஊரு எப்படித்தான் இருக்கும்னு தோணுச்சு” என்றாள்.

அனுமதிக் கடிதத்தில் மேடம் கையெழுத்துப் போட்டு, மழைக்காலம் கவனம் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார்.

அக்டோபர் 9, திங்கள்

சபீனா கிளம்பினாள். அவளுடைய தந்தை கபூர் பழனியிலிருந்து வந்திருந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இன்னும் சாக்கட்டி இருந்தது. நூலகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதுவும் தொடாமல், என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, எனக்கு இந்தப் படிப்பு என்னன்னு சரியா வெளங்கல. மலையில தனியாப் போயி ஒரு மாசம் இருக்கணுங்குது. வீட்டுல எல்லாரும் வேணாங்குறாங்க. நான் உங்க முகத்தப் பாத்துத்தான் அனுப்புறேன்” என்றார்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். பீரோவிலிருந்து வேண்டியதையெல்லாம் எடுத்துக் கொடுத்தேன். மேல்வாழைக்குழியில் சந்தைமேட்டில் மட்டும்தான் செல்போன் எடுக்குமாம். ஞாயிறுதோறும் சந்தை. அன்றைக்கு வீட்டுக்கும் எனக்கும் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

சபீனா பேசினாள். அவளை அங்கே “நோட்டுப் பொண்ணு” என்கிறார்களாம். கேன்வாஸ் ஷூ கடிக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

பின்னால் கோழி கூவியது. நன்றாகக் கேட்டது.

அக்டோபர் 27, வெள்ளி

புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கியாயிற்று. ஜன்னலோர மேஜையை உயிரியல் துறை எடுத்துக்கொண்டது. நல்ல தேக்கு. அவர்களுக்குப் பயன்படும்.

இன்றைய கூட்டத்துக்குப் பேச ஆள் வரவில்லை. இருந்த நான்கு பேரோடு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

நவம்பர் 5, ஞாயிறு

இரண்டு நாளாக விடாத மழை. சபீனா பேசவில்லை. மழையில் சந்தை கூடியிருக்காது.

நவம்பர் 6, திங்கள்

கல்வராயன் மலையில் மண் சரிந்து பாதை அடைபட்டிருப்பதாக டிவியில் சொன்னார்கள். மேல்வாழைக்குழியின் பெயரைச் சொல்லவில்லை. காலையிலேயே கபூர் ஃபோன் செய்தார். மகள் நேற்றுப் பேசவில்லை என்றார். கிளம்பி வருகிறேன் என்றார்.

மாலையில் வந்துவிட்டார். நூலகத்தில், பெட்டிகளுக்கு நடுவே கிடந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வாங்கி வைத்தேன். குடிக்கவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

மேடம் தாலுகா ஆபீசுக்குப் பேசியிருக்கிறார். இரண்டு இடங்களில் பாதை இல்லை, மேலே உள்ளவர்களைப் பற்றி இன்னும் தகவல் வரவில்லை, சீக்கிரம் சரிசெய்துவிடுவோம், பொறுத்திருங்கள் என்றார்களாம். கபூரைப் பல்கலைக்கழக விருந்தினர் விடுதியில் தங்கவைத்தோம்.

நவம்பர் 7, செவ்வாய்

காலை பத்து மணிக்கு மேடத்தின் அறைக்குப் போய், “நான் போறேன்” என்றேன்.

“எங்க?”

“மலைக்கு. லீவு எழுதி வெச்சிருக்கேன்.”

“ரோடே இல்லைங்கிறாங்க. இந்த வயசுல நீங்க போய் என்ன பண்ணுவீங்க?”

“தெரியல மேடம். அந்தப் பிள்ளையப் பாத்துக்கிறேன்னு அவங்க அத்தாகிட்டச் சொன்னது நான்.”

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கைப்பையை எடுத்தார். “அனுமதில கையெழுத்துப் போட்டது நான்” என்றார்.

கிளம்பப் போகிறோம். கபூரும் வருகிறார். பீரோவில் மிச்சமிருந்த இரண்டு மழைக்கோட்டுகளை எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 9, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டேன். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வாடகைக் காரில் அடிவாரம் வரைக்கும் போனோம். அங்கே ஒரு டீக்கடையில் கபூரை உட்காரச் சொன்னோம். வர அவர் துடித்தார். ஆனால் அங்கேதான் ஃபோன் எடுக்கும், செய்தி வந்தால் வாங்க ஒருவர் வேண்டும் என்று மேடம் எடுத்துச் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். பால் வண்டி ஒன்று முதல் சரிவு வரை ஏற்றிப்போனது. அதற்கு மேல் நடைதான். மேலே ரேஷன் கடைக்கு அரிசி சுமந்து போகிற காளியப்பன் என்பவர், தன் பின்னாலேயே மிதித்த இடத்தில் மிதித்து வரச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஜனங்கள் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டாராம். நோட்டுப் பொண்ணைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

பாதை என்று ஒன்றும் இல்லை. செம்மண் குழம்பாகக் கிடந்தது. வேரோடு சாய்ந்த பலாமரத்தின் மேல் ஏறி இறங்கினோம். அரிசி மூட்டையோடு காளியப்பன் போகிற வேகத்துக்கு எங்களால் வெறுங்கையோடு போக முடியவில்லை. ஓர் ஓடையைத் தாண்டும் இடத்தில் மேடத்தின் கால் வழுக்கிவிட்டது. கரையிலிருந்த செடியைப் பிடித்தார். செடி கையோடு வந்தது.

“சுலோ, கையக் குடுடி” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. காளியப்பன் திரும்பிப் பார்த்தார். அவள் கையைக் கொடுத்தாள். இழுத்து மேலே ஏற்றினேன். இரண்டு பேரும் மூச்சு வாங்க அங்கேயே சேற்றில் உட்கார்ந்தோம். அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. மீதிப் பாதையும் அப்படியேதான் நடந்தோம்.

பள்ளிக்கூடத்தின் புகை முதலில் தெரிந்தது. இரண்டே வகுப்பறை. வீடு இடிந்தவர்கள், ஒழுகியவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். தாழ்வாரத்தில் மூன்று கல் வைத்துப் பெரிய அண்டாவில் சாமைக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. முக்காடு போட்ட ஒரு பெண் இரண்டு கையாலும் துடுப்புப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் துணிக் கட்டு.

எங்களைப் பார்த்ததும் துடுப்பை விடவில்லை. “மேடம், நீங்களா? ஏன் மேடம் வந்தீங்க? பாதை இல்லையே” என்றாள்.

சுலோதான் சொன்னாள்: “உங்க அத்தா கீழ டீக்கடையில உக்காந்திருக்காரு.”

அதைக் கேட்டதும்தான் துடுப்பை விட்டாள். அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்டா அடிப்பிடித்துவிடும் என்று ஒரு பெண் ஓடிவந்து துடுப்பை வாங்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஆபத்து ஒன்றுமில்லை. கால் கல்லில் வெட்டியிருந்தது. மின்சாரம் போனதில் ஃபோன் அணைந்துவிட்டது, சந்தைமேட்டுப் பக்கம் போகவே முடியவில்லை. காளியப்பன் மூட்டையை இறக்கிவைத்த கையோடு திரும்பிக் கீழே போனார். பொழுது சாய்வதற்குள் கபூருக்குச் சேதி போய்விட்டது.

சபீனா ஒன்றை மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மழைக்கோட்டு இல்லை. சரிவு நடந்த அன்றைக்குத்தான் ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. அதை அந்தக் கோட்டில் சுற்றித்தான் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிவந்தார்கள். இன்னும் அதில்தான் தூங்குகிறது. திருப்பிக் கேட்க மனசு வரவில்லை என்றாள். கேட்க வேண்டாம் என்றேன்.

இரவு பள்ளிக்கூடத்திலேயே படுத்தோம். புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறையில் நானும் சுலோவும் கடுங்காபியோடு உட்கார்ந்திருந்தோம். பனிமூட்டத்தில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. ஸ்லைடில் பார்த்த அந்த வரப்பு எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் தேடினோம். ஆளுக்கு ஒரு பக்கம் காட்டினோம். பிறகு அவள் பேசினாள்.

“நாலு மாசமா காத்துக்கிட்டிருந்தேன் லோகு.”

“எதுக்கு?”

“நீ என் ரூமுக்கு வந்து, எப்படிடி இத மூடலாம்னு ஒரு சத்தம் போடுவேன்னு. ஃபைலத் தொறந்து வெச்சு உன்கிட்டக் கேட்டேன். இல்ல மேடம்னுட்ட.”

“சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?”

“தெரியல. போய்ச் சண்டையாவது போட்டிருப்பேன். வேணும்னு கேக்கவே ஆளில்லாத ஒண்ணுக்கு நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போடுறது?”

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஸ்டேஷன்லயும் இப்படித்தான்” என்றாள். “போகாதடின்னு நீ ஒரு வார்த்தை சொல்லுவேன்னு பாத்தேன். பழம் வாங்கிக் குடுத்த.”

“சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?”

“போயிருப்பேன். ஆனா திரும்பி வந்திருப்பேன்” என்றாள்.

கீழே பள்ளிக்கூடத்தில் குழந்தை அழுது ஓய்ந்தது.

“நூலகத்த மூடாத சுலோ” என்றேன்.

“உத்தரவு போயிருச்சே லோகு.”

“தெரியும். இருந்தாலும் சொல்றேன். மூடாத. எனக்குத் தாங்காது.”

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். வயதான இரண்டு பெண்கள் பாறையில் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி என்ன ஆச்சு என்று விசாரித்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று சுலோ மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

சபீனாவை மெதுவாக நடத்திக் கூட்டிவந்தோம். கபூர் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து அவள் தலையில் கைவைத்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். காரில் வரும்போது அவள் அவர் தோளில் தூங்கிவிட்டாள். ஊர் வரும்வரை அவர் அசையவில்லை.

நவம்பர் 15, புதன்

சுலோ நேற்றும் இன்று காலையும் பதிவாளர் அலுவலகத்திலேயே இருந்தாள். குரல் கட்டிவிட்டது. புத்தகங்கள் போவதைத் தடுக்க முடியவில்லை. கூடமும் போகிறது. பின்னறையை மட்டும் மாணவர்களுக்கென்று எழுதி வாங்கிவிட்டாள். களப் பீரோ அங்கேயே இருக்கும். வெள்ளி மாலைக் கூட்டமும் அங்கே நடக்கும், சாவி மாணவர்களிடம்.

“இவ்ளோதான்டி முடிஞ்சுது” என்றாள்.

மத்திய நூலகத்து லாரி வந்தது. பெட்டிகள் போவதை வாசலில் நின்று பார்த்தேன். எல்லாம் ஏற்றி முடிகிறவரை சுலோ பக்கத்தில் நின்றாள். நூலகம் நூலகம் போலவே இல்லை. சுவரில் அலமாரிகள் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. அழுதேன். எழுதிவிட்டேன், அதை அடித்து அழிக்கவில்லை.

நவம்பர் 24, வெள்ளி

பின்னறையில் முதல் கூட்டம். சபீனா பேசினாள். இடம் போதாமல் பாதிப் பேர் வராந்தாவில் நின்று கேட்டார்கள். கபூரும் பழனியிலிருந்து வந்திருந்தார். பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சந்தையில் யாரும் அளந்து மாற்றிக்கொள்வதில்லை என்றாள். இந்த வாரம் கூடுதலாக வாங்கியவள் அடுத்த வாரம் வந்தாக வேண்டும், வருவதற்காகவே கொஞ்சம் பாக்கி வைக்கிறார்கள் என்றாள். பிள்ளைகள் வேகமாகக் குறித்துக்கொண்டார்கள்.

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றதும் கபூர் கையைத் தூக்கினார். “கோட்டுல சுத்துன அந்தப் புள்ளைக்கு என்ன பேரு வெச்சாங்க?” என்றார்.

“இன்னும் வெக்கல அத்தா. மூணாம் மாசந்தான் வெப்பாங்களாம்.”

“அப்ப நீ போயாகணும்ல” என்றார்.

நவம்பர் 30, வியாழன்

பிரிவு உபசாரம். சால்வை, மாலை, மிக்சர், லட்டு. எல்லோரும் நல்லவிதமாகப் பேசினார்கள். துறைத்தலைவர் பேசுவார் என்றார்கள். சுலோ மைக்கைப் பிடித்துக்கொண்டு, “லோகநாயகி அவர்கள்” என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் ஓடவில்லை. மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

மாலையில் குமரேசன் ஃபோன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை வேன் எத்தனை மணிக்கு வரட்டும் என்றான். வேன் வேண்டாம் என்றேன்.

“ஏன்க்கா, உடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்கு வர விருப்பமில்ல குமரேசா. நான் இங்கதான் இருக்கணும்.”

“இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பேரனைப் பார்க்கப் பொங்கலுக்கு வருகிறேன் என்றேன்.

டிசம்பர் 1, வெள்ளி

வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது. குளித்துப் புடவையும் கட்டிக்கொண்ட பிறகுதான் போக இடமில்லை என்பது ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பிறகு மார்க்கெட்டுக்குப் போனேன். கத்தரிக்காய் நன்றாக இருந்தது. இரண்டு பேருக்கு என்று நிறுக்கச் சொல்லிவிட்டு, கடைக்காரரை நிறுத்தி வைத்து, சுலோவுக்கு ஃபோன் செய்தேன்.

“மத்தியானம் சாப்பிட வர்றியா? கத்தரிக்காய் சாப்பிடுவியா இப்பல்லாம்?” என்றேன்.

கிளாசில் இருந்தாளாம். அத்தனை மாணவர்களுக்கு முன்னாலும் எடுத்துப் பேசினாள்.

“சாப்பிடுவேன்டி. ஒரு மணிக்கு வந்துர்றேன்.”